கருப்பா இருந்தாலும்…

(ருவைஸில் ஒரு தோழர் வீட்டில் நடந்த எங்கள் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறேன்.)



இத்தனை பேர் வந்ததே சந்தோஷம். அபுதாபியிலிருந்து 240 கிலோமீட்டர் பஸ் ஏறி வந்தவர்களும் இருக்கிறீர்கள். டீ ஆறுவதற்குள் முடிக்கப் பார்க்கிறேன். ஆனால் நான் எம்.ஏ. படிக்கிறவள், நம்ப வேண்டாம்.

நான் பிறந்தது அபுதாபி ஆஸ்பத்திரியில், வளர்ந்தது இங்கே ருவைஸில். தமிழ் எனக்கு வீட்டு மொழி. எழுதப் படிக்கப் பிறகுதான் கற்றுக்கொண்டேன், அதுவும் தப்பும் தவறுமாக. மொழியை வெளியிலிருந்து கொஞ்சம், உள்ளேயிருந்து கொஞ்சம் பார்க்கிறவளுக்குச் சில சொற்கள் முள் மாதிரி குத்தும். அந்த முட்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

வருஷா வருஷம் லீவுக்குத் திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கினால் அத்தை சொல்லும் முதல் வாக்கியம் ஒன்று உண்டு. "என்னடி தங்கம், இப்படிக் கருத்துட்ட?" இரண்டாவது வாக்கியம், "அங்க சாப்பாடு சரியில்லையா?" அத்தைக்கு என்மேல் உயிர். இது அக்கறை. ஆனால் அந்த அக்கறைக்குள் கருப்பு ஒரு நோயாக உட்கார்ந்திருக்கிறது. மெலிந்துபோனதும் கருத்துப்போனதும் ஒரே ரக சேதம்.

நம் மொழி இதை எப்படிச் செய்கிறது என்று பாருங்கள். "பொண்ணு நல்ல கலரு" என்கிறோம். எந்தக் கலர் என்று யாரும் கேட்பதில்லை. கலர் என்றால் வெளுப்பு. அப்படியானால் கருப்பு ஒரு கலரே இல்லை, கலர் இல்லாத நிலை. வெளுப்பு என்றுகூடச் சொல்ல மாட்டோம், "சிவப்பா இருக்கா" என்போம். அதை விளம்பரக்காரர்கள் எடுத்துக்கொண்டு "சிவப்பழகு" என்று ஒரு தொகைச்சொல்லே செய்துவிட்டார்கள். சிவப்பும் அழகும் நடுவில் காற்றுப் புகாதபடி ஒட்டிக்கொண்டன. ஒட்டிய சொல்லைப் பிரித்துக் கேள்வி கேட்பது கஷ்டம். விளம்பர மொழியின் முதல் திறமை இதுதான். வாதத்தை வாதமாக வைக்காது, ஒரு சொல்லாகச் சுருக்கி வாயில் போட்டுவிடும்.

என்னை அதிகம் குத்துவது இன்னொரு சொல். "கருப்பா இருந்தாலும் களையா இருக்கா." எங்கள் அப்பாயி என்னைப் பற்றிச் சொன்னது, பாராட்டாக. அந்த "இருந்தாலும்" என்பதைக் கவனியுங்கள். தமிழ் இலக்கணத்தில் இழிவு சிறப்பும்மை என்று ஒன்று படித்தேன். ஒன்றைத் தாழ்ந்ததாக வைத்துப் பேச உதவும் "உம்". அதற்கு உரைகளில் காலங்காலமாகத் தரப்படும் எடுத்துக்காட்டே ஒரு சாதியை இழிவாக்கும் வரிதான். அதை இங்கே திருப்பிச் சொல்ல மாட்டேன். எங்கள் அப்பாயியின் "இருந்தாலும்" அந்த உம்மைக்கு நெருங்கிய சொந்தம். நிறத்தைப் பற்றிப் பேசினால் சாதி ஏன் வருகிறது என்று கேட்பவர்களுக்கு இந்த இடத்தைக் காட்டலாம்.

தமிழ் எப்போதுமே இப்படி இருந்ததா? சங்கப் பாடல்களில் தலைவியின் அழகு நிறத்துக்கு "மாமை" என்று பெயர், மாந்தளிர் போன்ற கருமை. பிரிவுத் துயரில் அந்த நிறம் வெளிறிப்போவதற்குப் "பசலை" என்று பெயர். அங்கே வெளுத்துப்போவதுதான் நோய். இதை வைத்து "அந்தக் காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது" என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் காலத்துக்கும் அதன் அடிமைகள் இருந்தார்கள். ஆனால் "இது இயற்கையான ரசனை, மாறாது" என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு சொற்கள் போதும். ரசனை மாறியிருக்கிறது. மாற்றப்பட்டிருக்கிறது.

சரி, யார் மாற்றினார்கள்? எல்லாவற்றையும் ஒரு கம்பெனிமேல் போட முடியாது. காலனியம், சாதி, சினிமா எல்லாம் சேர்ந்த கதை இது. ஆனால் ஒரு கம்பெனியின் கதை நமக்கு நிறையக் கற்றுத்தருகிறது.

ஹிந்துஸ்தான் லீவர் 1975இல் ஃபேர் அண்ட் லவ்லியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் விளம்பரங்களின் கதை நமக்கு மனப்பாடம். கருத்த பெண், கவலை, ட்யூப், வெளுத்த பெண், வேலை அல்லது மாப்பிள்ளை. அதில் ஒரு விளம்பரத்தில், மகன் இல்லையே என்று அப்பா வருத்தப்படுவார். மகள் கிரீம் போட்டு விமானப் பணிப்பெண் ஆகிக் குடும்பத்தைக் காப்பாற்றுவாள். 2002இல் அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் இதை எதிர்த்துப் பிரசாரம் நடத்தியது. மனித உரிமை ஆணையம் வரை போனார்கள். 2003இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தலையிட்டு அந்த விளம்பரங்கள் நின்றன. நம் இயக்கத்துப் பெண்கள் ஜெயித்த சண்டை இது. நம் தலைமுறைக்கு இது தெரியாது. எனக்கும் போன வருஷம்தான் தெரிந்தது.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். அதே 2003இல் கம்பெனி ஃபேர் அண்ட் லவ்லி ஃபவுண்டேஷன் என்று ஒன்றைத் தொடங்கியது. பெண்களின் பொருளாதார முன்னேற்றத்துக்கு, கல்விக்கு, உதவித்தொகைக்கு. மாதர் சங்கம் எந்தச் சொற்களோடு சண்டைக்குப் போனதோ அதே சொற்கள் ட்யூப் பக்கம் வந்து நின்றன. உதவித்தொகை வாங்கிப் படித்த பெண்களை நான் குறை சொல்லவில்லை. எதிராளியின் வாயில் இருந்த சொல்லை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்வது எவ்வளவு பலமான வாதம் என்று மட்டும் சொல்கிறேன். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நீங்கள் உச்சரித்தால் அவர்கள் விளம்பரமாகத்தான் கேட்கும்.

2014இல் விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில், கருத்த நிறத்தவரைச் சோகமாக, தோற்றவர்களாக, திருமணமாகாதவர்களாகக் காட்டக் கூடாது என்று வழிகாட்டுதல் கொடுத்தது. விற்பதை நிறுத்தச் சொல்லவில்லை, சொல்வதை மாற்றச் சொன்னது. 2020 மே மாதம் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டார். ஜூனில், "ஃபேர்" என்ற சொல்லை நீக்குவதாகக் கம்பெனி அறிவித்தது. ஜூலையில் அது க்ளோ அண்ட் லவ்லி ஆனது. எங்கள் ஊர் போர்டில் இப்போது அல் தன்னா சிட்டி என்று இருக்கிறது. ஆனாலும் பஸ்ஸில் எல்லாரும் ருவைஸ் என்றுதான் டிக்கெட் கேட்கிறோம். அந்த மாதிரி, கடையில் எங்கள் சித்தி இன்னமும் "ஃபேர் அண்ட் லவ்லி குடுங்க" என்றுதான் கேட்கிறார். கடைக்காரர் தயங்காமல் எடுத்துக் கொடுக்கிறார்.

பழைய சொல்லோடு சண்டை போட முடிந்தது. "ஃபேர்" என்றால் என்ன அர்த்தம் என்று கேட்கலாம். "க்ளோ" என்றால்? "ரேடியன்ஸ்" என்றால்? "ப்ரைட்"? "ஃபிரெஷ்"? இவற்றைப் பிடித்தால் கையில் எதுவும் சிக்காது.

இது எனக்கு நேரடியாக நடந்தது. இருபது வயதில், லீவுக்கு வந்திருந்தபோது, தீபாவளி விளம்பரத்துக்கு "நம்ம ஊர் பொண்ணு முகம்" வேண்டும் என்று ஒரு கடை தேடியது. தெரிந்தவர் சொல்லிப் போனேன். மூன்று மணி நேரம் மேக்கப். கண்ணாடியில் என் கழுத்தும் என் முகமும் வேறு வேறு ஆளுடையவை. கடைசியில் போட்டோகிராபரும் ஏஜென்சிக்காரரும் ஓரமாகப் பேசிவிட்டு வந்து, "ஃபேஸ் ரொம்ப நல்லா இருக்கும்மா, ஆனா பிராண்ட் டோனுக்கு செட் ஆகல. கொஞ்சம் ஃபிரெஷ் லுக் தேவைப்படுது" என்றார்கள். கருப்பு என்ற சொல் அந்த அறையில் ஒரு தடவைகூட வரவில்லை. நான் புகார் செய்வதென்றால் என்னவென்று செய்வது? "என்னை ஃபிரெஷ்ஷா இல்லைன்னு சொன்னாங்க" என்றா? விளம்பரம் வந்தது. காஞ்சிபுரம் பட்டு, மல்லிகைப்பூ, பால் நிறத்தில் ஒரு பெண், கீழே "நம்ம ஊர் பொண்ணு". அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவளும் கூலிக்கு நின்றவள்தான். ஆனால் அன்று ராத்திரி முழுக்க, நான் எந்த ஊர்ப் பொண்ணு என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கொஞ்சம் பின்னால் போவோம், 1996க்கு. நம்மில் பலர் பிறக்கவே இல்லை. பெங்களூரில் உலக அழகிப் போட்டி, நவம்பர் 23. நடத்தியது அமிதாப் பச்சனின் ஏ.பி.சி.எல். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1994இல், சுஷ்மிதா சென்னும் ஐஸ்வர்யா ராயும் இரண்டு பட்டங்களையும் வாங்கியிருந்தார்கள். பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு மூன்றே வருஷங்களில் இந்தியப் பெண்கள் திடீரென்று அழகாகிவிட்டார்களா என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு.

பெங்களூரில் எதிர்ப்பு இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. இடதுசாரி, பெண்ணிய அமைப்புகளும் விவசாயிகள் சங்கமும் ஒரு பக்கம். பெண்ணுடலைச் சரக்காக்குகிறார்கள், பன்னாட்டு அழகுப் பொருள் கம்பெனிகளுக்குச் சந்தை திறக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். இன்னொரு பக்கம் வலதுசாரிகள். "நம் பண்பாடு, நம் பெண்களின் மானம்" என்பது அவர்கள் வாதம். மதுரையில் ஓர் இளைஞர் இந்தப் போட்டியை எதிர்த்துத் தன் உயிரையே மாய்த்துக்கொண்டார். எந்தப் போட்டிக்கும் எந்த எதிர்ப்புக்கும் அந்த விலை தகாது. அதை நம் இயக்கங்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

முடிவில் என்ன ஆனது? நீச்சலுடைச் சுற்றை மட்டும் சேஷெல்ஸ் தீவுக்கு மாற்றினார்கள். மற்றதெல்லாம் திட்டமிட்டபடி நடந்தது. கிரேக்கப் பெண் ஒருவர் பட்டம் வாங்கினார். தீர்வைப் பாருங்கள். துணி எவ்வளவு என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. லாபம் யாருக்கு என்ற கேள்விக்குக் கிடைக்கவில்லை. காரணம், பொது விவாதத்தில் "பண்பாடு" என்ற சொல் ஜெயித்துவிட்டது. யாருடைய சொல்லில் பிரச்சினை பேசப்படுகிறதோ, அவர்களுக்கு ஏற்ற தீர்வுதான் வரும். நம் ஆட்களும் மேடையில் கைதட்டல் வாங்கும் ஆசையில் அங்கங்கே "நம் பெண்கள்" என்று பேசியிருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம். இன்றும் பேசுகிறோம். நம் வாட்ஸ்அப் குழுவிலேயே போன மாதம் ஒரு மாடல் பற்றி வந்த பதிவுகளைப் பார்த்தேன். யாரையும் பெயர் சொல்லவில்லை. முதலாளித்துவ எதிர்ப்பு என்று ஆரம்பித்து மூன்றாவது மெசேஜில் அவளுடைய இடுப்புக்கு வந்துவிட்டோம்.

அடுத்தது 2015 ஏப்ரல். கல்யாண் ஜுவல்லர்ஸ் ஒரு பத்திரிகை விளம்பரம் வெளியிட்டது. திருச்சூரில் பிறந்து வளைகுடாவிலும் கடை வைத்திருக்கும் கல்யாண். ராணி மாதிரி நகைகளோடு ஐஸ்வர்யா ராய் சாய்ந்திருப்பார். பின்னால் கருத்த, மெலிந்த ஒரு குழந்தை, அவர் தலைக்கு மேல் பெரிய குடை பிடித்திருக்கும். பழைய ஐரோப்பிய ஓவியங்களில் வெள்ளைச் சீமாட்டிக்குப் பக்கத்தில் கருப்பின அடிமைக் குழந்தை நிற்குமே, அதே அமைப்பு. செயற்பாட்டாளர்கள் திறந்த கடிதம் எழுதினார்கள். விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது. கம்பெனியின் விளக்கத்தில் ராஜகளை, காலத்தை வென்ற அழகு என்றெல்லாம் இருந்தது. யாருடைய உணர்வையாவது புண்படுத்தியிருந்தால் வருந்துகிறோம் என்றும் இருந்தது. அந்த "இருந்தால்" என்பதைக் கவனியுங்கள். எங்கள் அப்பாயிக்கு "இருந்தாலும்", கம்பெனிக்கு "இருந்தால்". தவறு செய்தோம் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. பிரச்சினை உங்கள் உணர்வில் இருக்கிறது.

அந்தக் குடையை என்னால் மறக்க முடியவில்லை. காரணம், நான் ருவைஸ்காரி.

இங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மத்தியானம் 12:30 முதல் 3 மணி வரை வெளிவேலைக்குச் சட்டப்படி தடை. நல்ல சட்டம். ஆனால் 12:30க்கு முன்பும் 3 மணிக்குப் பின்பும் வெயில்தான். என் அப்பா இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீசியன், ரிஃபைனரி வேலை. அவர் சட்டையைக் கழற்றினால் உடம்பில் கோடுகள் தெரியும். ஹெல்மெட் வார் ஓடிய கோடு, காலர் நின்ற கோடு, கையுறை முடிந்த கோடு. சின்ன வயதில் அதைப் பார்த்துச் சிரிப்பேன், "அப்பா, நீங்க மூணு கலரு" என்று. இப்போது அது எனக்கு ஒரு டைம் ஷீட் மாதிரி தெரிகிறது. எத்தனை மணி நேரம், எந்த வெயிலில், யாருக்காக.

அதனால்தான் நிறம் என்பது கண்ணாடி முன்னால் முடிகிற விஷயம் இல்லை என்கிறேன். யார் நிழலில் இருக்கிறார்கள், யார் குடை பிடிக்கிறார்கள் என்ற கணக்கு தோலில் எழுதப்படுகிறது. வெளுப்பை விற்பவர்கள் உண்மையில் விற்பது, "நீ வெயிலில் வேலை செய்பவள் இல்லை" என்ற சான்றிதழை.

இதை மறுத்து எழுதியவர்களும் உண்டு. 2004இல் சி.கே. பிரகலாத், நம் கோயம்புத்தூர்க்காரர், மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர், ஆலன் ஹேமண்டோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். தெருக்கூட்டும் ஏழைப் பெண் ஒருவர் இந்தக் கிரீமைப் பயன்படுத்துவதில் பெருமைப்படுகிறார், வெயில் தன் பெற்றோரின் தோலைப் பாழாக்கியதுபோலத் தன்னைப் பாழாக்காது என்று நம்புகிறார், அவருக்குத் தேர்வு கிடைத்திருக்கிறது, அதிகாரம் பெற்றதாக உணர்கிறார் என்பது அதன் சாரம். அதே பல்கலைக்கழகத்தின் அனீல் கர்னானி 2007இல் இதற்குப் பதில் எழுதினார். அந்தப் பெண்ணுக்குத் தேவை வறுமையிலிருந்து விடுதலையும் கல்வியும் பொருளாதாரச் சுதந்திரமும், இந்த உணர்வு அவளைக் கட்டிப்போடும் அதே முன்முடிவுக்குத்தான் உரம் போடுகிறது என்பது அவர் வாதம். நான் கர்னானி பக்கம். ஆனாலும் அந்தத் தெருக்கூட்டும் பெண்ணை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. அவர் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. தன் அம்மா அப்பாவின் தோலை வெயில் என்ன செய்தது என்று அவருக்குத் தெரியும். நிழல் கேட்டிருந்தால் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். சாஷே கொடுத்தார்கள்.

என் சித்தி பொண்ணு ஒருத்தி மன்னார்குடியில் இருக்கிறாள். என் வயசு. பியூட்டி பார்லரில் வேலை செய்கிறாள். லேபிள் சரியாக இல்லாத ஏதோ ஒரு கிரீம் போடுகிறாள். நான் போனில் ஒரு மணி நேரம் அரசியல் பேசினேன். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள். "அக்கா, நீ படிச்சவ, வெளிநாட்டுக்காரி. நீ கருப்பா இருந்தா அது ஸ்டைலு. நான் கருப்பா இருந்தா பத்து பவுன் கூட."

என்னிடம் பதில் இல்லை. பத்து பவுன் என்பது அவள் அப்பாவுக்குப் பல வருஷ உழைப்பு. அவளுடைய கணக்கு தப்பில்லை. கணக்கை எழுதி வைத்தவர்கள் வேறு ஆட்கள்.

ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் அவளுக்கு அனுப்பினேன். கேரளா கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் கவனித்தது. 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை அவர்களிடம் வந்த, மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோய் கொண்ட 22 பேரில், 15 பேருக்கு நெல்-1 என்ற அரிய வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் கிரீம் போட்டவர்கள். சந்தேகம் பாதரசத்தின் மேல். பாதரசம் மெலனின் உருவாவதைத் தடுக்கும், வெளுக்க வைக்கும். தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். "க்ளோ" என்ற சொல்லுக்குப் பின்னால் சில ட்யூப்களில் இருப்பது இதுதான். கோட்டக்கல் மலப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் மாவட்டங்களில் முதன்மையானது அது. பெட்டி கட்டும்போது நாம் என்ன வாங்கிப் போகிறோம் என்று யோசியுங்கள். அவள் இப்போது அந்தக் கிரீமை நிறுத்திவிட்டாள். வேறொன்றுக்கு மாறியிருக்கிறாள். லேபிள் உள்ளதாம். இதை வெற்றி என்று சொல்வதா, தெரியவில்லை.

கடைசியாக, நம் பக்கத்துச் சொற்கள். சென்னையில் விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 2009இல் "டார்க் இஸ் பியூட்டிஃபுல்" பிரசாரத்தைத் தொடங்கியது. 2013இல் நந்திதா தாஸ் அதில் சேர்ந்த பிறகு நாடு முழுக்கப் பேசப்பட்டது. பள்ளிக்கூடம் படிக்கும்போது அந்தப் போஸ்டரை என் அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தேன். என்னைக் காப்பாற்றியது அது. ஆனால் இன்று எனக்கு அதில் ஒரு நெருடல். கருப்பும் அழகு என்றால், அழகாக இருப்பதுதான் இன்னமும் நுழைவுச்சீட்டு. அந்த "கருப்பும்" என்பதில் மறுபடியும் அதே உம்மை. என் அப்பாவின் கழுத்தை அழகு என்று நான் நிரூபிக்க வேண்டியதில்லை. அவருக்கு நிழலும் நேரமும் கூலியும் மரியாதையும் வேண்டும். அழகு பற்றி அவர் கவலைப்பட்டதே இல்லை.

அதனால் நாம் என்ன செய்யலாம்? பெரிய தீர்மானம் எதுவும் போட வேண்டாம். மூன்று விஷயங்கள்.

ஒன்று, கேட்பது. "ஃபிரெஷ்", "பிராண்ட் டோன்", "ப்ரைட்" என்று யாராவது சொன்னால், "அப்படின்னா என்ன நிறம்?" என்று நேராகக் கேளுங்கள். மூடிய சொல்லைத் திறக்க வைப்பதே பாதி வேலை. அன்று நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

இரண்டு, கிரீம் போடுபவரைக் கேலி செய்யாமல் இருப்பது. மாடலிங் செய்யும் பெண்ணையும் அப்படியே. நம் சண்டை கணக்கு எழுதுபவரோடு, கணக்கில் மாட்டியவரோடு இல்லை.

மூன்று, நம் வீடு. இதுதான் கஷ்டமானது. போன மாதம் என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்க பயோடேட்டா தயாரித்தோம். டைப் செய்தது நான். "நிறம்" என்ற வரியை எடுத்துவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பிரிண்ட் எடுத்து வந்து பார்த்தால், ஓரத்தில் பேனாவால் சின்னதாக எழுதியிருக்கிறார், "மாநிறம்". அப்பா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

அந்தத் தாள் இன்னும் யாருக்கும் அனுப்பப்படவில்லை. ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. இன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பேச வேண்டும். எந்தச் சொற்களில் ஆரம்பிப்பது என்றுதான் உங்களிடம் கேட்க வந்தேன். நீங்கள் சொல்லுங்கள்.